கைனியை விட்டவன்

சிப்பாய் பலவேசம் இந்நேரம் காவல் டவரில் ஏறி நின்றிருப்பான், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் மாறியாகிவிட்டது, டீ நேரத்துக்கு இறங்கிவிடப் போகிறான், இடையில் இருப்பது என்ன பெரிதாக, வெயிலும் மணலும் கம்பிவேலியும், வேலிக்கு அப்பால் ஆடு மேய்க்கிறவன்கூட வராத பொட்டலும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காயத்துக்கு வைக்கிற துணியைக் கத்தரித்துக் கத்தரித்து மடித்துக்கொண்டிருந்தார் ஹவில்தார் சவரிராயன். ராஜஸ்தான் பக்கத்து மே மாதம். பட்டாலியனின் மருத்துவ அறை என்று பெயர்தான் பெரிது, இரண்டு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும் உள்ள தகரக் கூரைக் கொட்டகை. டாக்டர் கேப்டன் லீவில் போய்விட்டதால் நர்சிங் அசிஸ்டெண்டான சவரிராயனே இப்போதைக்கு அங்கே டாக்டர், கம்பவுண்டர், எல்லாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் வெடிமருந்துக் கிடங்கும், அதன் மூலையில் இரும்புக் கால்களில் நிற்கும் டவரும் தெரியும். மேலே கூரை நிழலில் ஆள் தெரிகிறானா என்று பார்த்தார். தெரிந்தான். மறுபடி துணியை மடித்தார். நின்றுகொண்டுதான் இருக்கிறான், பாராவுக்குப் போனவன் நிற்காமல் வேறென்ன செய்வான். ஆனால் காலையில் ஏன் அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தான்? கிராம்பும் சோம்பும் கலந்த பொட்டலம், வாய் நமநமவென்று வரும்போதெல்லாம் மென்றுகொள்ளச் சொல்லி இவர் கொடுத்தது, பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது, பொட்டலத்தின் வாயை நன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, வேற யாருக்காவது ஆகும் என்றான். கொடுத்ததைத் திருப்பித் தருகிறவனை அவர் பட்டாளத்தில் பார்த்ததே இல்லை. ஒரு ஊசியை இரவல் கொடுத்தால்கூடத் திரும்பி வராது இங்கே. திமிர்தான், வேறென்ன, எங்கேயோ ரகசியமாகக் கைனிப் புகையிலை கிடைத்துவிட்டது, இனி உம்ம கிராம்பு எனக்கு எதற்கு என்கிற திமிர். அப்படித்தான் காலையில் நினைத்தார், நினைத்துக் கோபமும் பட்டார், கோபத்தில்தான் அப்படிப் பேசினார். பேசியதை இப்போது நினைக்க வேண்டாம் என்று துணியின் ஓரத்தை நேராக்கினார்.

கோபப்பட அவருக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. அவன் கீழுதட்டை மடக்கி டார்ச் அடித்துப் பார்த்தது யார்? கேப்டன் பார்த்துவிட்டு இவரையும் கூப்பிட்டுக் காட்டினார், ஈறும் உதடும் சேருகிற பள்ளத்தில், பலவேசம் கைனியை அடக்குகிற அதே இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு திட்டு, தோல் சுருக்கம் விழுந்து தடித்திருந்தது, கவனிக்காவிட்டால் புற்றாகலாம் என்றார். வலிக்கிறதா என்றால் இல்லை என்றான், சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கும் அண்ணாச்சி என்று சிரித்தான். சிரிப்பு. எல்லாருமே சிரிக்கத்தான் செய்கிறார்கள், சிகரெட் குடிக்கிறவனாவது இருமிப் பயப்படுகிறான், இவர்கள் புகையில்லாத சமாச்சாரம்தானே என்று உதட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இவர் வேலை பார்த்தபோது ஒரு சுபேதார் வந்து படுத்திருந்தார், கீழ்த்தாடை பாதியை எடுத்தாகிவிட்டது, மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் ஊற்ற வேண்டும். பெரிய மீசைக்காரர் அந்த மனிதர், போர்முனை பார்த்தவர். உறக்கத்தில் அவருடைய வலது கட்டைவிரல் இடது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வெறும் கையை. தேய்த்து, இரண்டு தட்டுத் தட்டி, விரல் நுனியால் கிள்ளி எடுத்து, வாய் இருந்த இடத்துக்குக் கொண்டுபோவார், அங்கே கட்டுத் துணியில் விரல் முட்டியதும் கண் விழித்துவிடும். விழித்து இவரைப் பார்ப்பார்.  அதனால்தான் அவர் இந்த விஷயத்தில் ராட்சசன். பட்டாலியனில் வாய்ப் பரிசோதனை முகாம் நடந்தபோது ஒவ்வொரு வாயாகத் திறந்து பார்த்தார், திட்டினார், கெஞ்சினார், பையைத் தடவி டப்பாக்களைப் பிடுங்கினார். பிடுங்கியதெல்லாம் கீழ் டிராயரில் கிடக்கின்றன, ஒரு மூடிக்குள் புகையிலைத் தூளும் மறு மூடிக்குள் சுண்ணாம்பும் வைக்கிற இரட்டை டப்பாக்கள். பலவேசத்தின் டப்பா மட்டும் பிடுங்கியது இல்லை. அவனே கொண்டுவந்து வைத்தது. இனித் தொட மாட்டேன், என்னை எப்படியாவது விட வச்சிருங்க என்று கேட்டவன் அவன்.

கேட்டவனுக்குச் செய்துகொடுத்தார், அதில் என்ன தப்பு? பழக்கத்தை விட வைக்கிற மாத்திரையும் சூயிங்கமும் வந்த வேகத்தில் தீர்ந்துபோனதால் தானாக ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் ரோல்காலில் செக்ஷன் முழுவதையும் நிற்க வைத்து, பலவேசம் கைனியை விடுகிறான், இவனுக்கு எவனும் ஒரு கிள்ளு கொடுக்கக் கூடாது, இவன் முன்னால் எவனும் தேய்க்கவும் கூடாது, தேய்க்க வேண்டுமென்றால் தள்ளிப் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள், இது இவன் உயிர் விஷயம், சத்தியம் பண்ணுங்கள் என்றார். பண்ணினார்கள். நல்ல பையன்கள், பெற்ற தாயைச் சாட்சி வைத்துப் பண்ணினார்கள். அந்த யோசனையைக் கேள்விப்பட்டு கர்னல் சாப், பட்டாலியன் முழுவதையும் கூட்டிப் பேசுகிற தர்பாரில் சவரிராயனின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார், எல்லா செக்ஷனிலும் இப்படிச் செய்யலாமே என்றார். அன்றைக்கு இரவு அவருக்குச் சப்பாத்தி இரண்டு கூடுதலாக இறங்கியது. அவர் வாழ்நாளில் கைனி போட்டதில்லை. அது ஒரு பழக்கம், வாயில் வைக்கிறான், ஏறுகிறது, துப்புகிறான், அவ்வளவுதானே என்றுதான் அவர் கணக்கு. சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்து தேய்க்கத் தொடங்குவதையும், தேய்த்தவன் தனக்கு முதலில் எடுக்காமல் உள்ளங்கையை விரித்து நீட்டுவதையும், நான்கைந்து பேர் வந்து குனிந்து அதே கையிலிருந்து ஆளுக்கொரு கிள்ளு எடுப்பதையும், பேச்சு வார்த்தை இல்லாதவன்கூட நீட்டின கையை மறுக்க முடியாமல் எடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசிவிடுவதையும் எத்தனையோ தரம் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். சுபேதார்கூடச் சிப்பாயின் கையிலிருந்து எடுப்பார். டவரில் ஆள் மாறும்போதும் அப்படித்தான், இறங்கப் போகிறவன் தேய்த்துத் தயாராக வைத்திருப்பான், ஏறி வந்தவனிடம் ரைபிள் கணக்கு, குண்டுக் கணக்கு, எல்லாம் ஒப்படைத்த பிறகு கையை நீட்டுவான், இரண்டு பேரும் உதட்டில் அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் ஒருவன் ஏணியில் இறங்குவான். எச்சில் பழக்கம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சவரிராயன் அங்கிருந்து நகர்ந்துவிடுவார்.

அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். டவரில் ஆள் இல்லை. கத்தரி விரலிலேயே நின்றுவிட்டது. இல்லை, இருப்பான், மறுபக்கம் திரும்பியிருப்பான், தூணுக்குப் பின்னால் நின்றிருப்பான், இங்கிருந்து பார்த்தால் பாதிதானே தெரியும். எழுந்து ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தார், கம்பி சுட்டது. கூரை இருக்கிறது, கைப்பிடிச் சுவர் இருக்கிறது, நடுவில் வெறும் வெயில்தான். காலையில் அவன் நின்ற நிலை இப்போது கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, வர வேண்டாம் என்று அவர் தள்ளித் தள்ளி வைத்திருந்தது. வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்றும் இவர் சொல்லவில்லை. உறக்கமே வரமாட்டுக்கு என்றான். முகத்தைச் சரியாகச் சவரம் பண்ணியிருந்தான், அதனால்தான் இவருக்கு எதுவும் படவில்லையோ என்னவோ. இன்னைக்கு மட்டும் டவருக்கு வேற ஆளப் போடச் சொல்லுதியளா அண்ணாச்சி, எனக்குத் துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஒத்தையில நிக்க ஒரு மாதிரியா இருக்கு என்றான். ஒரு மாதிரியா. அதற்கு இவர் என்ன சொன்னார்? கைனி இல்லாததுக்கெல்லாம் டூட்டி மாத்துனா பட்டாளம் நடக்குமாலே, ஒரு வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்க முடியாதா, நீயெல்லாம் என்ன ஆம்பளை என்றார். ஆம்பளை என்ற அந்தச் சொல் இப்போது தன் வாயிலேயே கசந்தது. அவன் தலையாட்டினான், பொட்டலத்தை வைத்தான், வேற யாருக்காவது ஆகும் என்றான். பிறகு செக்ஷன் கமாண்டர் வந்து பலவேசம் எப்படி, டூட்டிக்குப் போடலாமா என்று கேட்டபோது இவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நல்லாத்தான் இருக்கான், போடுங்க என்று கையை அசைத்தார். இல்லை என்று சொன்னால் தர்பாரில் வாங்கிய பெயர் என்னாவது என்று அந்த ஒரு நொடியில் ஓடியது, ஓடவில்லை என்று கர்த்தர்மேல் ஆணையிட முடியுமா அவரால்? டெலிபோனை எடுத்து கார்டு ரூமுக்குச் சுற்றினார். கார்டு கமாண்டர் குரியன்தான் எடுத்தான், டவரிலிருந்து இப்போதுதான் ரிப்போர்ட் வந்தது, எல்லாம் டீக், ஒரு குறையும் இல்லை என்று பலவேசமே சொன்னான், என்ன சேட்டா விசேஷம் என்று சிரித்தான். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார். பார்த்தாயா, ரிப்போர்ட் கொடுத்திருக்கிறான், வெயிலுக்கு உட்கார்ந்திருப்பான், உட்காரக் கூடாதுதான், இருந்தாலும் மனிதன்தானே. ஒரு நிமிஷம் அவருக்கு மூச்சு சீராக வந்தது, கத்தரியை மறுபடி எடுத்தார்.

எல்லாம் டீக். நாட்டில் எவன் செத்தாலும் அதற்கு முந்தின ரிப்போர்ட் எல்லாம் டீக் என்றுதானே இருக்கும். கேப்டன் லீவுக்குக் கிளம்பும்போது ஜீப்பில் ஏறிக்கொண்டே சொன்னது, இத்தனை நாளும் எங்கேயோ கிடந்தது, இப்போது மேலே வந்தது. விட்ட முதல் சில நாள் சிலருக்கு மனசு ரொம்பக் கீழே போய்விடும், எரிச்சல் வரும், உறக்கம் போகும், பலவேசத்தைத் தனியாக விடாதீர்கள் என்றார். தனியாக விட்டால் திருட்டுத்தனமாக வாயில் போட்டுக்கொள்வான், அதற்காகத்தான் சொல்கிறார் என்று இவர் எடுத்துக்கொண்டார். அதனால்தானே சத்தியம் வாங்கினார், அதனால்தானே ஊரைக் கூட்டிக் கதவைச் சாத்தினார். கதவை எந்தப் பக்கத்திலிருந்து சாத்தினோம் என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தார். அன்றையிலிருந்து பலவேசத்தை யாரோடாவது பார்த்தாரா? மெஸ்ஸில் அவன் தட்டோடு உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவன் எழுந்து போனதைப் பார்த்தார், அவனுக்குத் தேய்க்க வேண்டும், சத்தியத்தை மதித்துத் தள்ளிப் போகிறான், நல்ல பையன் என்று இவர் மெச்சிக்கொண்டார். மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு பலவேசம் அந்தப் பக்கம் நடந்ததையும், அவன் வருவதைப் பார்த்ததும் கைகளெல்லாம் மூடிக்கொண்டதையும், சிரிப்பு நின்றதையும், அவன் ஏதோ வேலையாகப் போகிறவனைப் போல அப்படியே தாண்டிப் போனதையும் பார்த்தார். டவரில் இவன் ஏறினால் இறங்குகிறவன் கணக்கை ஒப்படைத்துவிட்டு மளமளவென்று இறங்கிவிடுவான், நிற்கவே மாட்டான், நின்றால் கை தேய்க்கப் போய்விடும் அல்லவா. அவனவன் பலவேசத்தின் மேல் உள்ள பிரியத்தில்தான் இதைச் செய்தான், சவரிராயன் சொன்னதால் செய்தான். புகையிலையைப் பிடுங்கினோம் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார், பிடுங்கியது அதை மட்டுமா? எத்தனை கை இருந்தது அவனைச் சுற்றி, ஒன்றுகூட விடாமல் மடக்கிவிட்டோமே, பாவி, சண்டாளா, என்று தன்னையே திட்டிக்கொண்டபோது அவர் கீழ் டிராயரைத் திறந்து டப்பாக்களைக் கலைத்துக்கொண்டிருந்தார். பலவேசத்தின் டப்பா மூடியில் ஆணியால் கீறிய வேல் இருந்தது. எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டார். வாய் அழுகினால் அழுகட்டும், அதற்கு வருஷம் இருக்கிறது, கத்தி இருக்கிறது, மருந்து இருக்கிறது. இன்றைக்கு ஆள் இருக்கட்டும்.

தொப்பியை வைக்காமலே வெளியே இறங்கினார். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஓடினால் பார்க்கிறவன் கேட்பான், கேட்டால் என்ன சொல்வது, அதனால் ஓடவில்லை, ஓடுவதற்கு ஒரு படி கீழே எவ்வளவு வேகம் உண்டோ அவ்வளவு வேகமாக நடந்தார். மணலில் பூட்ஸ் புதைந்து புதைந்து இழுத்தது. ஒரு சத்தம் கேட்டுவிடுமோ என்று காதெல்லாம் டவரிலேயே இருந்தது, அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், திறந்தவெளியில் அது பெரிதாகக்கூடக் கேட்காது. எங்கேயோ தகரம் ஒன்று சூட்டில் டப்பென்று விரிந்தது, அவர் அப்படியே நின்றுவிட்டார். தகரம்தான். எதுவும் இல்லை. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கி, மேற்கொண்டு வராமல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நடந்தார். கிடங்கு வேலியை நெருங்கியதும் வேண்டுமென்றே இருமினார், காலைத் தேய்த்து நடந்தார். இந்த இடத்துக்கு யார் வந்தாலும், பட்டப்பகல் ஆனாலும், கர்னலே ஆனாலும், மேலே இருப்பவன் நில் என்று குரல் கொடுத்தாக வேண்டும், யார் என்று கேட்டாக வேண்டும். குரல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் போனார். என்னை நிறுத்துடா, ஒரு சத்தம் போடுடா, வைதாலும் பரவாயில்லை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டவரின் அடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார், பலகைத் தளத்தின் இடுக்குகளில் நிழல் ஒன்று அசையாமல் கிடந்தது. பலவேசம் என்று கூப்பிட நினைத்தார், கூப்பிட்டால் அவன் திடுக்கிட்டு எதையாவது செய்துவிட்டால்? கூப்பிடாமல் ஏணியைப் பிடித்தார், இரும்பு கையைச் சுட்டது, விடாமல் ஏறினார்.

பலவேசம் மூலையில் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான், கண் திறந்திருந்தது, அது இவரைப் பார்த்தது. ரைபிள் அவன் மடிமேல் குறுக்கே கிடந்தது. ஒரு காலில் பூட்ஸ் இருந்தது. மறு காலில் இல்லை. கழற்றிய பூட்ஸைப் பக்கத்தில் நேராக நிறுத்தி, சாக்ஸை அழகாகச் சுருட்டி அதற்குள் வைத்திருந்தான். துப்பாக்கியோடு தனியாக இருப்பவன் எதற்காக ஒரு காலை மட்டும் வெறுங்காலாக்குவான் என்பது பட்டாளத்து மருத்துவ வேலையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், தன்னையே சுட நினைக்கிறவன் செய்வது அது.  பூட்ஸ் கடிச்சுது அண்ணாச்சி என்றான் அவன், இவர் கேட்காமலே. எங்கே கடித்தது என்று இவர் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்கிற அதே குரலில். அவன் காலைப் பார்த்தான், காட்டுவதற்கு இடம் தேடுகிறவன் மாதிரி பார்த்தான், காட்டவில்லை. சவரிராயன் மெல்லக் குனிந்து ரைபிளை அவன் மடியிலிருந்து எடுத்தார். அவன் பிடித்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை, கையை மட்டும் லேசாகத் தூக்கி வழி விட்டான். குண்டுகளை எல்லாம் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு ரைபிளைத் தனக்குப் பின்னால் தூரமாகச் சாய்த்து வைத்தார்.  முழங்கால் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்து டப்பாவை எடுத்து நீட்டினார்.

"கொண்டாந்திருக்கேன்லே. போட்டுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழுதடு துடித்தது. வாங்கவில்லை.

"ஒத்தையில உக்காந்து போட்டா அதுல என்ன இருக்கு அண்ணாச்சி" என்றான். "கைனி தர மாட்டான்னு தெரியும், ஆனா எங்கிட்ட ஒருத்தனும் பேசவும் மாட்டுக்கான். நான் என்ன செஞ்சேன்னு யாராவது சொன்னாத்தானே தெரியும்."

நான் செய்தேன், நீ ஒன்றும் செய்யவில்லை, நான் சொல்லித்தான் அவர்கள் அப்படி இருந்தார்கள் என்று சவரிராயன் சொன்னார்.  சாக்ஸை எடுத்து உதறி அவன் காலில் மாட்டினார். கால் சில்லென்று இருந்தது, அந்த வெயிலிலும். பூட்ஸைப் போட்டுவிட்டு நாடாவை ஒவ்வொரு ஓட்டையாகக் கோத்து இழுத்தார், ஓர் ஓட்டையைத் தவறவிட்டு மறுபடி கோத்தார். அப்போது தூணில் இருந்த டெலிபோன் அடித்தது. ரிப்போர்ட் கேட்கிற நேரம். பலவேசத்தின் கை தானாக அதை நோக்கிப் போனது, எல்லாம் டீக் என்று சொல்லிப் பழகிய கை. டவரிலிருந்து பதில் வராவிட்டால் கார்டு ரூமில் சங்கு ஊதிவிடுவார்கள், சாப்பிடுகிறவனும் குளிக்கிறவனும் போட்டதைப் போட்டபடி போட்டுவிட்டு இங்கே ஓடி வந்தாக வேண்டும், அதுதான் சட்டம். வந்து பார்த்தால் என்ன நடக்கும், யாருக்கு என்ன தண்டனை கிடைக்கும், தன் பெயர் என்னாகும் என்று சவரிராயனுக்கு நன்றாகவே தெரியும். அவர் நீண்ட அந்தக் கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"எடுக்காதே. அடிக்கட்டும். எடுக்கலன்னாத்தான் எல்லாவனும் இங்க ஓடியாருவான்."

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கார்டு ரூம் பக்கமிருந்து சங்கு ஊதியது, ஒன்று, இரண்டு என்று கதவுகள் திறந்தன, பூட்ஸ் சத்தம் கூடிக்கொண்டே வந்தது, பலவேசம் என்று யாரோ கத்தினான், அவனைத் தொடர்ந்து இன்னொருவன் கத்தினான், செக்ஷன் முழுவதும் அவன் பெயரைக் கத்திக்கொண்டு மணலில் ஓடி வந்தது.